தரம் பத்தில் சறுக்கிய பிள்ளைக்குப் படிக்கும் இடம் தேடுவது எப்படி

தரம் பதினொன்றின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த மறுநாள் தங்கை மகள் என் வீட்டுக்கு வந்தாள். ஹட்டனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் அச்செடுத்த தாளை நான்காக மடித்து எடுத்து வந்திருந்தாள். குடை பிடித்தும் பயனில்லை. மழையில் ஓரம் நனைந்து, தமிழுக்கு நேரே இருந்த ஏ மை கலைந்து போயிருந்தது. கணிதத்துக்கு நேரே இருந்த டபிள்யூ, சித்தியில்லை என்று சொல்லும் அந்த எழுத்து மட்டும் அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது.

"பெரியம்மா, எனக்கு இனிப் பல்கலைக்கழகம் இல்லைதானே?" என்றாள்.

தங்கை குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த காலத்தில்தான் இந்தப் பிள்ளை தரம் பத்துக்கு வந்தாள். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பாயி, பாலர் வகுப்பில் தம்பி. இரண்டு தவணை பள்ளிக்கூடப் பக்கமே அவள் போகவில்லை என்று சொன்னாலும் பிழையில்லை. எனக்கும் ஏறக்குறைய அதே கதைதான். அம்மா கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்த வருடம் நான் சமைத்தேன், துவைத்தேன், பத்தாம் ஆண்டைக் கோட்டை விட்டேன். சாதாரண தரத்தில் முதல் முறை கணிதம் சித்தியில்லை. இரண்டாம் முறை எழுதி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியான உயர் தரம் படித்து, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போய், இருபது வருடத்துக்கு மேலாக மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அன்று பின்னேரம் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தரம் ஒன்பதிலோ பத்திலோ தடுக்கி விழுந்த வேறு பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உதவும்.

முதலில், எந்தப் புள்ளி உங்கள் பின்னால் வருகிறது, எது வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். பிள்ளையின் நிலையைக் கேட்டவர், "பத்தாம் வகுப்பில் ஏன் புள்ளி குறைந்தது என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பு, போகப் போக முன்னேறியதைக் காட்டு" என்று தொலைபேசியில் யோசனை சொன்னார். அங்கே அது சரி. அங்குள்ள கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பெற்ற புள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்க்கின்றன. இங்கே அந்தக் கட்டுரையை வாங்கி வாசிக்க யாரும் இல்லை. தரம் பத்துத் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்குப் பதினொரு புள்ளி எடுத்தீர்களா, தொண்ணூறு எடுத்தீர்களா என்று எந்தப் பல்கலைக்கழக விண்ணப்பமும் கேட்பதில்லை. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தேர்ச்சி அறிக்கையில் சிவப்பு மையில் விழுந்த கோட்டைத் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு, சிலர் பரீட்சை எழுதும் முன்பே கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள்.

பின்னால் வருபவை இரண்டு. சாதாரண தரம் வாசல் சீட்டு மாதிரி. உள்ளே விடுவார்களா இல்லையா என்பது அதில் தெரியும். உயர் தரத்தில் மூன்று பாடப் புள்ளிகளையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டு வரும் இசட் புள்ளிதான் எந்த இருக்கை என்பதைச் சொல்லும். இசட் புள்ளியைக் கணக்கிடும்போது சாதாரண தரப் பெறுபேறு அதில் சேராது. ஆனால் சில பட்டப்படிப்புகள் சாதாரண தர ஆங்கிலத்தையோ கணிதத்தையோ தனியாகக் கேட்கும்.

ஆகவே அவள் தாளை மேசையில் விரித்து முதலில் வாசலைப் பார்த்தோம். ஒன்பது பாடம். உயர் தரத்துக்குப் போகப் பொதுவாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். மூன்று பாடங்களிலாவது திறமைச் சித்தியான சி அல்லது அதற்கு மேல் வேண்டும். அவளுக்கு ஏழு சித்தி, அதில் நான்கு பாடம் சி அல்லது அதற்கு மேல். இடிப்பது ஒரே ஒரு பாடம். கணிதம் தவறியவர்களை எந்த நிபந்தனையில் உயர் தரத்துக்கு எடுக்கலாம் என்று கல்வி அமைச்சு விடும் சுற்றறிக்கை அவ்வப்போது மாறும். பக்கத்து வீட்டு அண்ணன் ஐந்து வருடத்துக்கு முன் எப்படிப் போனார் என்று விசாரிப்பதில் அர்த்தமில்லை. அதிபரிடம் போய் நடப்புச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நான் ஆசிரியையாக இருந்தும் கேட்டுத்தான் வாசித்தேன்.

சுற்றறிக்கை என்ன சொன்னாலும் கணிதத்தைத் திரும்ப எழுதுங்கள். ஆகக் குறைந்த சித்தியான எஸ் எடுக்க 35 புள்ளி போதும். முப்பத்தைந்துக்குக் கணித மேதையாக வேண்டியதில்லை. எந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று தெரிந்திருந்தால் போதும். குறுவினாக்கள், வரைபு, புள்ளிவிபரவியல், கணங்கள், வட்டி, பங்கு ஆகியவற்றைப் பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்பச் செய்தாலே பாதி மலை ஏறியாயிற்று. கேத்திரகணித நிறுவலில் ஆறு மாதத்தைக் கரைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒருத்தி நானே. கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, அரசாங்க எழுதுவினைஞர் வேலை என்று எங்கே போனாலும் அந்த ஒரு பாடம் குறுக்கே நிற்கும். அதை இப்போதே நகர்த்திவிடுவது நல்லது.

அடுத்தது, உயர் தரத்தில் எந்தப் பிரிவில் படிப்பது என்பது. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மலையகத்தில் நம்மவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

மாவட்ட ஒதுக்கீடு பற்றி எல்லோரும் அரைகுறையாகக் கேட்டிருப்பார்கள். கணக்கு இது: பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் வரை நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி நிரப்பப்படும். 55 சதவீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படும். மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு. கண்டியும் மாத்தளையும் இல்லை. ஆகவே ஒரே படிப்புக்கு நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்கும் கொழும்பு மாவட்டப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி வேறு வேறு.

ஆனால் கலைப்பிரிவுப் பாடங்களை மட்டும் அடிப்படையாகக் கொண்ட படிப்புகளுக்கு இந்த மாவட்டச் சலுகை இல்லை. அங்கே முழு இலங்கைக்கும் ஒரே வரிசை. நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் தரம் பதினொன்றுக்கு மேல் வகுப்பில்லை. உயர் தரம் இருக்கும் பாடசாலைகளிலும் 1சி வகையில் கலையும் வர்த்தகமும்தான் இருக்கும். விஞ்ஞானம் படிக்க 1ஏபி பாடசாலை வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கலைப்பிரிவுக்குப் போகிறோம். போனபின் நமக்கென்று இருந்த ஒரே சலுகையையும் கையை விட்டு, யாழ்ப்பாணத்துப் பிள்ளையோடும் கண்டிப் பிள்ளையோடும் ஒரே வரிசையில் நிற்கிறோம். கலை படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே தமிழும் வரலாறும் புவியியலும் படித்தவள். தூரம் ஒன்றை மட்டும் காரணமாக்கித் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. கணிதம் எஸ், விஞ்ஞானம் சி உள்ள பிள்ளை வர்த்தகத்தையோ 2013-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவையோ ஒரு தடவை விசாரித்துப் பார்க்க வேண்டும். வேறு மாவட்டத்துப் பாடசாலைக்கு மாறும் எண்ணம் இருந்தால், எந்த மாவட்டக் கணக்கில் நீங்கள் வருவீர்கள் என்பதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் விதி உண்டு. விடுகைப் பத்திரம் எடுக்கும் முன் அதை வாசியுங்கள், எடுத்தபின் வாசித்துப் பயனில்லை.

இனி எங்கள் நாட்காட்டித் தாளுக்கு வருகிறேன். சுவரில் தொங்கிய நகைக்கடை நாட்காட்டியில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டேன். மூன்று பத்தி. இடது பக்கம் 'கேட்பது', நடுவில் 'கையில் இருப்பது', வலது பக்கம் 'இடைவெளி'. போகக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். பிள்ளை பேனாவை வாங்கி முதல் வரியில் 'மருத்துவம்' என்று எழுதினாள். நான் தடுக்கவில்லை. கேட்பது: உயர் தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் மிக உயர்ந்த இசட் புள்ளி. கையில் இருப்பது: விஞ்ஞானம் எஸ், கணிதம் டபிள்யூ. இடைவெளிப் பத்தியில் என்ன எழுதுவது என்று யோசித்தபடி அவள் பேனாவின் மூடியைக் கடித்தாள். கடைசியில் தானாகவே, 'விஞ்ஞானம் பிடிக்கவும் இல்லை' என்று சின்ன எழுத்தில் எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆசை அவளுடையது அல்ல, குவைத்தில் இருந்தபடி தங்கை தொலைபேசியில் வளர்த்த ஆசை.

இந்த மூன்று பத்தியின் பயன் இதுதான். 'முடியும், முடியாது' என்று வாயால் பேசினால் வீட்டில் சண்டை வரும். இடைவெளியைத் தாளில் எழுதிவிட்டால், அது ஒரு பாடமா, இரண்டு வருடமா, இரண்டு இலட்சம் ரூபாயா என்று பேச்சு மாறிவிடும். மூன்று வகை வரிகளும் தாளில் இருக்கட்டும்: எட்டிப் பிடிக்க வேண்டியவை, கை நீட்டினால் கிடைப்பவை, இன்றே போய்ச் சேரக்கூடியவை. கடைசி வகையில் எழுதுவது நீங்கள் உண்மையாகவே போக விரும்பும் இடமாக இருக்க வேண்டும். பெயருக்கு ஒன்றை எழுதிவைத்தால், தேவைப்படும் நாளில் அங்கே போகக் கால் எழும்பாது.

அவள் தாளில் என்னென்ன வந்தன என்று சொன்னால் உங்களுக்கும் ஒரு தொடக்கம் கிடைக்கும். எட்டிப் பிடிக்கும் வரிசையில் பேராதனைக் கலைப்பீடம், யாழ்ப்பாணம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம். பதுளையில் 2005-இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும் எழுதினோம். அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு உண்டு என்றதும் பிள்ளை நம்பவில்லை. நாலு தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்தில் யாரும் தேயிலையைப் படிக்கப் போனதில்லை. ஆனால் அது விஞ்ஞானம் கேட்கும், கற்பிப்பதும் ஆங்கிலத்தில். ஆகவே அந்த வரி அவளுக்கு ஒத்துவரவில்லை. தம்பிக்கு வேண்டுமானால் இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

நடு வரிசையில் நான் படித்த பத்தனைக் கல்வியியற் கல்லூரி. உயர் தரத்தில் மூன்று பாடச் சித்தியோடு சாதாரண தரப் பாடங்களையும் பார்ப்பார்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, அதன்பின் ஆசிரியர் நியமனம். அதே வரிசையில் உயர் தேசிய டிப்ளோமா நடத்தும் உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள். கண்டியிலும் பதுளையிலும் நாவலப்பிட்டியிலும் இருக்கின்றன. கணக்கியல், ஆங்கிலம் போன்றவற்றுக்கு உயர் தரச் சித்தியோடு போகலாம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை ஒரு மயிரிழையில் தவறவிட்ட பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டில் இருக்கும்போது இந்த விண்ணப்பங்களின் முடிவுத் திகதி போய்விடுகிறது. வர்த்தமானியையும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்றே போகக்கூடிய வரிசை பலருக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. சாதாரண தரம் முழுவதும் கைவிட்டுப் போனவர்களுக்கும் பாடசாலையிலேயே 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவு உண்டு. 2017-இல் தொடங்கியது, எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை, வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. தொழில் படித்தவர்களின் தகுதியை அளக்கும் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டம் கொண்டது. நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, இந்த ஏணியில் ஏறி வருபவர்களுக்காகவே. என்னிடம் படித்த ஒரு பையன் சாதாரண தரத்தில் நாலு பாடம்கூடச் சித்தியில்லை. மின்னியல் படித்து மட்டம் நாலு எடுத்தான், பிறகு டிப்ளோமா. இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் நின்றால் அவன் வரும்வரை இலை வாடிக்கொண்டு கிடக்கிறது என்று என் கணவர் சொல்கிறார். அவர் அங்கே இரவு முறை பார்ப்பவர்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள்? பாடநெறிப் பட்டியல் மும்மொழியிலும் அச்சாகியிருக்கும்; வகுப்பு சிங்களத்தில் மட்டும் நடக்கும். சிங்களம் தெரிந்தால் நல்லது, தெரியாதென்றால் முதல் கிழமையிலேயே பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

வயது பதினெட்டைத் தாண்டி, உயர் தரமும் சரிவராமல் வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு 1980-இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர் தரம் இல்லாதவர்களும் அடித்தளப் பாடநெறி வழியாகப் பட்டப்படிப்புக்கு ஏறலாம். ஹட்டனிலும் அதற்குக் கற்கை நிலையம் உண்டு. கட்டணம் உண்டு, ஆனால் வேலையை விட வேண்டியதில்லை.

தனியார் நிறுவனங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும். என் தம்பி உயர் தரத்தில் தவறிய வருடம், நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் 'இலண்டன் டிப்ளோமா' என்று பலகை போட்டிருந்தார்கள். அம்மாவின் சேமலாப நிதியில் பாதி அங்கே போனது. எட்டாவது மாதம் பலகையும் இல்லை, ஆட்களும் இல்லை. சான்றிதழ் ஒன்று முன்பே தந்திருந்தார்கள், தங்க முத்திரையோடு. இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. எந்த நேர்முகத் தேர்விலும் அதை யாரும் கையில் வாங்கவில்லை. ஆகவே தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தையும், தேசிய தொழிற்றகைமையில் எந்த மட்டம் என்பதையும் கேளுங்கள். பட்டம் என்றால், அதை வழங்குவது யார், மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று கேளுங்கள். போன வருடம் படித்து முடித்த இரண்டு பேருடைய தொலைபேசி இலக்கத்தையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் முகம் மாறும்.

பட்டியல் எழுதியபின் போய்ப் பாருங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை பஸ்ஸில் ஏறினால் பத்தனைச் சந்தியில் இறங்கலாம். அந்த சனிக்கிழமையே பிள்ளையைக் கூட்டிப் போனேன். வாசலில் நின்ற இரண்டு மாணவிகளிடம் அவளே பேசினாள். படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. குளிக்கச் சுடுதண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். பதினாறு வயதுக்கு அதுவும் நியாயமான கேள்விதான். பேராதனைக்கு ரயிலில் போய் வருவது ஒரு நாள் வேலை. 1952-இல் கொழும்பிலிருந்து அங்கே குடிபோன பல்கலைக்கழகம் அது. மகாவலி ஆற்றோரம் நடந்து பார்த்த பிள்ளை திரும்பி வரும்போது வேறு பிள்ளையாக வருவதை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். போய்வரும் செலவையும், அறை வாடகையையும், சாப்பாட்டையும் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். அப்படியிருந்தும் முதல் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும். உதவிப்பணம் பிந்தித்தான் வரும்.

உயர் தரம் முடிந்து விண்ணப்பம் நிரப்பும் காலத்துக்கும் இரண்டு வார்த்தை சொல்லி வைக்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி வேண்டும். உயர் தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும்; அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, பிறகு கைசேதப்படுகிறார்கள். மூன்று முறைக்கு மேல் எழுதி எடுத்த பெறுபேறு எடுபடாது. விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படி எழுதுங்கள். உங்கள் புள்ளிக்கு எட்டும் இடங்களில் மேலே எழுதியதுதான் கிடைக்கும். ஆகவே கிடைக்காதோ என்று பயந்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளினால் நட்டம் உங்களுக்குத்தான். அதே நேரம் மூன்று வரியோடு பேனாவை மூடிவிடவும் வேண்டாம். முந்தைய இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளியை உங்கள் மாவட்டத்துக்கு நேரே பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும்.

கடைசியாக, பெயர். சிரிக்காதீர்கள். தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழ்களில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பாடசாலைப் பதிவில் வேறொரு மாதிரி இருக்கும். பதிந்தவருக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. இடம் கிடைத்தபின் இந்தப் பிணக்கைத் தீர்க்க ஓடினால் பதிவுத் திகதி தவறிவிடும். எங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தங்கையின் பெயரில் ஓர் எழுத்துக் குறைகிறது. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். கணிதத்தைத் திரும்ப எழுதுவதற்கான விண்ணப்பத்தையும் கையோடு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.